உள்ளே துணி விட்டிருக்கு

நீங்கள் கடைசியாக டெய்லரிடம் அளவு கொடுத்தது எப்போது? மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளி, 'சும்மா நில்லுங்க சார்' என்று வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? எனக்குப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது.

1998-ல் பி.காம். சேர்ந்தபோது, இரண்டு பேன்ட், மூன்று சட்டைக்கான துணியோடு அப்பா என்னைக் கூட்டிப்போன இடம் மதுரை புதுமண்டபம். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டியது. பெயர்தான் புது, வயசு முந்நூற்றைம்பதுக்கு மேல். வைகாசி வசந்த விழாவுக்கான மண்டபம். ஆனால், எங்களுக்கு அது டெய்லர்கள் ராஜ்ஜியம். நாயக்க மன்னர்கள் தூணில் கல்லாக நிற்பார்கள். அவர்கள் காலடியில் மிஷின்கள் கடகடக்கும். ஒரு மன்னரின் கையில் யாரோ அளவு டேப்பை மாட்டி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் போட்டிருக்கும் சட்டையைக் காட்டி 'இதே மாதிரி' என்பார்கள். கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்குள் ரெடி!

எங்களுக்கு ஒரு பாய். அப்பாவின் அளவு, என் அளவு எல்லாம் அவருடைய பழைய நோட்டில் இருக்கும். ரெடிமேட் வந்தது. நான் போவதை நிறுத்தினேன். பி.காம். மூளை கணக்குப் போட்டது: துணி விலை, தையல் கூலி, இரண்டு முறை அலைச்சல். அந்தப் பக்கம் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். ஒரே ஆள் நாளெல்லாம் காலர் மட்டும் தைக்கிற ஃபேக்டரியோடு, வெட்டுவதிலிருந்து காஜா வரை தானே பார்க்கிற மனிதர் எப்படிப் போட்டி போடுவார்? அதையெல்லாம் அப்போது யோசிக்கவில்லை, சார்.

2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்து எரிந்தது. புராதன மண்டபங்களில் கடைகள் எதற்கு என்ற கேள்வி பெரிதானது. 2021-22 வாக்கில் புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. சிற்பங்களுக்கு மூச்சுவிட இடம் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால், டெய்லர் பிழைப்பு என்பது பாதி, போகிறவர் வருகிறவர் கண்ணில் படுவது. சாமி கும்பிட வந்தவர் தூணுக்கு நடுவே மிஷினைப் பார்த்து நின்றார். அவரே காம்ப்ளெக்ஸ் படியேறித் தேடிப் போவாரா?

நான் போனேன். பக்தியில் அல்ல, மனைவியின் வேண்டுதலால். எட்டு வயசுப் பையனுக்கு சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேடம். சல்லடம், கச்சை, உருமால் எல்லாம் பளபளவென்று வேண்டும். மதுரையில் இதற்கு ஆள் கேட்டால் புதுமண்டபத்து டெய்லர்களைத்தான் கை காட்டுவார்கள். அழகருக்கு நேர்ந்துகொண்டவர்களுக்குத் தைத்துக் கொடுப்பவர்களில் பலர் முஸ்லிம்கள். இதை மதுரையில் யாரும் ஓர் அதிசயமாகச் சொல்வதில்லை.

தேடிப் பிடித்தேன். தாடி முழுக்க நரைத்திருந்தது. அப்பாவின் பெயரைச் சொன்னதும், ''பேன்ட்டுல பாக்கெட் ஆழமா கேப்பாரே, அவர் மகனா?'' என்றார். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது என்றேன். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தவர், கொஞ்ச நேரம் அதைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

''யாவாரம் எப்படி பாய்?''

''சித்திரை ஓடும் தம்பி. தொம்பை, குடைன்னு கோயில் வேலை கொஞ்சம் வரும். சட்டைக்கு யாரு வர்றா? பையன் செல்போன் கடைக்குப் போறான். நான்தான் போகச் சொன்னேன்.''

பையனை அளந்து முடித்தவர், என் தோளைப் பார்த்தார். பிராண்டட் சட்டை. ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ''சோல்டர் கீழ எறங்கி நிக்குதே. இது ஒங்க சட்டை இல்ல தம்பி, யாரோ ஒருத்தருக்குத் தச்சது'' என்றார். கோபமெல்லாம் இல்லை, டாக்டர் சொல்கிற மாதிரி சொன்னார். ஆபீஸில் ஒருத்தரும் கண்டுபிடிக்காத விஷயம்.

நாலு நாள் கழித்து உடையை வாங்கப் போனேன். போட்டுப் பார்த்தால் பையனுக்குக் கச்சிதம். பாய் சல்லடத்தைத் திருப்பி, உள்பக்கத் தையலைக் காட்டினார். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது.

''வளர்ற பிள்ள. உள்ள துணி விட்டிருக்கு. அடுத்த வருசம் கொண்டாங்க, பிரிச்சு விட்டுத் தர்றேன்.''

சரி என்றேன். என் சட்டைத் துணிக்கும் அளவு கொடுத்துவிட்டு வந்தேன். இந்த முறை வயிற்றை உள்ளே இழுக்கவில்லை.