மீட்டெடுப்பும் மீள்படைப்பும்

பழைய படைப்பொன்றுக்கு மீண்டும் உயிரூட்ட முனைவோரை இரு ஆபத்துக்கள் எதிர்நோக்குகின்றன. ஒன்று, பழையதை அப்படியே படியெடுத்தல். மற்றது, பெயரை வைத்துக்கொண்டு பொருளைக் கைவிடுதல். அமெரிக்காவில் 1992 முதல் 1997 வரை ஒளிபரப்பாகிய ‘எக்ஸ்-மென்’ சித்திரத் தொடர், 2024இல் ‘எக்ஸ்-மென் 97’ என மீண்டபோது இவ்விரண்டுமே அதன்முன் நின்றன.

மூலத்தொடர் சிறுவர்க்கென அமைந்ததாயினும், மரபணுத் திரிபுடன் பிறந்தோரைச் சமூகம் வெறுப்பதே அதன் கருப்பொருள். அவ்வெறுப்பின் இறுதி விளைவை முழுமையாகக் காட்டச் சிறுவர் ஒளிபரப்புக்குரிய கட்டுப்பாடுகள் இடந்தரவில்லை.

புதிய தொடர் பழைய தொடக்க இசையையும், வொல்வரினுக்குக் குரல் கொடுத்த கல் டொட் முதலிய கலைஞர் சிலரையும் பேணியது. இவை வெறும் நினைவேக்கமாகவே முடிந்திருக்கலாம். ஆனால், ஐந்தாம் அங்கத்தில், அம்மக்கள் தமக்கென அமைத்த ஜெனோஷா நாடு கொண்டாட்டத்தின் நடுவே அழிக்கப்படுகின்றது. கம்பிற் உயிர் துறக்கிறான். பழைய பாத்திரங்களோடு வளர்ந்தவர்க்கே அவ்விழப்பு முழுமையாக உறைக்கும். நினைவேக்கம் இங்கு துயரத்தின் கருவியாகின்றது.

குறையும் உண்டு. மூலத்தொடர் பீனிக்ஸ் கதையை ஐந்து அங்கங்களில் விரித்தது. புதியதோ மடலின் பிரையரின் அவலத்தை ஏறத்தாழ ஓர் அங்கத்துள் அடக்கிவிடுகின்றது. பாத்திரம் மனத்தில் வேரூன்றுமுன் கதை ஓடிவிடுகின்றது.

ஆகவே, பொறுமையில் புதியது மூலத்துக்கு ஈடன்று. துணிவில் அதனை விஞ்சுகின்றது. மூலம் சொல்ல விழைந்தும் சொல்லவியலாது போனதைச் சொல்வதனாலேயே அதன் மறுபிறப்பு நியாயம் பெறுகின்றது.