வெறுங்கொம்பில் ஒரு செண்பகம்

இலையும் பூவும் இல்லாத மரத்துக்குப் பெயர் சொல்வது எளிதன்று. குறிஞ்சிப்பாட்டின் பூக்களை வரிசை பிறழாமல் ஒப்பிக்கும் தமிழாசிரியர் கூட்டத்துக்கு அது இன்னும் கடினம்.

தங்கையின் பேறுகாலத்துக்காகப் பிப்ரவரியில் நியூ ஜெர்சி சென்றிருந்தோம். டிசம்பரில் அவர்கள் வாங்கியிருந்த வீட்டின் முன்னே மொட்டையாக ஒரு மரம். பட்டுப்போனது, வெட்டிவிட்டால் இன்னொரு கார் நிறுத்தலாம் என்றார் மாப்பிள்ளை.

கிளையைத் தாழ்த்திப் பார்த்தோம். கணுதோறும் மோதிரம் இட்டதுபோல ஒரு வளையம். தளிரை மூடியிருந்த உறை உதிர்ந்த தழும்பு அது. ஆலுக்கும் அரசுக்கும் இவ்வளையம் உண்டு. ஆனால் அவற்றைக் கிள்ளினால் பால் வடியும். இங்கே பால் இல்லை. கொம்பு நுனிகளில் பூனைப் பாதம்போல் மென்மயிர் போர்த்த மொட்டுகள். ஊரில் எங்கள் கொல்லைச் செண்பகத்திலும் இதே வளையத்தைக் கண்டிருக்கிறோம். மைக்கேலியா என்று தனியே வைத்திருந்த செண்பகத்தைத் தாவரவியலார் இப்போது மக்னோலியாவிலேயே சேர்த்துவிட்டனர். ஆக, இது செண்பகத்துக்கு உறவு. குளிர்நாட்டில் வாழ இலையுதிர்க்கக் கற்ற உறவு.

"மாப்பிள்ளை, பூக்கும்வரை பொறுங்கள்" என்றோம். வேறிடத்தில் பெயர்த்து நடலாமே என்றார். சதைப்பற்றான வேர், வளர்ந்த மரம் அதைத் தாங்குவது அரிது.

ஏப்ரலில், குழந்தைக்கு மூன்று வாரம் ஆனபோது, ஓர் இலைகூட வருமுன் மரம் முழுதும் பூத்தது. பூவுக்கு ஒன்பது இதழ்கள். புல்லி எது, அல்லி எது என்று பிரிக்க இயலாது. உள்ளே வெண்மை, வெளியே அடியில் ஊதா கலந்த சிவப்பு. புற இதழ் மூன்றும் சற்றே குட்டை. சீனத்து யூலானாக இருந்தால் ஒன்பதும் ஒத்த வெள்ளையாக இருக்கும்; லிலிஃபுளோராவில் புறத்து மூன்றும் சிறு பச்சைச் செதில்களாகச் சுருங்கியிருக்கும். இது அவ்விரண்டின் கலப்பான சூலாஞ்சியானா. 1820இல் பாரிசுக்கு அருகே சூலாஞ்ச்-போதேன் உருவாக்கியது. 1826இல் முதலில் பூத்தது. தங்கை குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சன்னலை விட்டு நகரவில்லை.

நான்காம் நாள் இரவு உறைபனி. விரிந்த பூக்களெல்லாம் விடியலில் நனைந்த காகிதம்போலப் பழுப்பேறித் தொங்கின. மாப்பிள்ளைதான் மிகவும் வாடினார். உறைக்குள் ஒடுங்கியிருந்த மொட்டுகள் தப்பின. அடுத்த வாரம் அவை விரிந்தன.

கார் இன்னும் தெருவில்தான் நிற்கிறது. தாழ்ந்த கிளை ஒன்று தலையில் இடிக்கிறதாம். பூ ஓய்ந்த உடனே கழித்துவிடச் சொன்னோம். தள்ளிப்போட்டால், கோடையில் கட்டும் அடுத்த ஆண்டு மொட்டுகளும் அதோடு போய்விடும்.