ஆத்தங்குடி கல்லும் எங்கள் வீட்டு டி.வி. சுவரும்

மதுரையில் எங்கள் வீட்டு ஹால் சுவரில் முதலில் இருந்தது மாமனாரின் படம்தான். டி.வி. பிறகு வந்தது. மேலே மாமா, கீழே சீரியல் என்று பத்து வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது. "தீபாவளிக்குள்ள இந்தச் சுவரை நாமளே அழகா மாத்திடலாம்" என்று நானும் கணவரும் திட்டம் போட்டோம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "அப்ப மாமா படம் எங்க போகும்?"

எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. பேச்சை மாற்றுவதற்காக, "கல் பார்க்க ஆத்தங்குடி போறோம், நீங்களும் வாங்க அத்தை" என்றேன்.

மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரில் இரண்டு மணி நேரப் பயணம். சிவகங்கைச் சீமையின் செம்மண் தொடங்கியதும் ஜன்னலைத் திறந்துவிட்டோம்.

ஆத்தங்குடியில் கல் செய்வதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். ஒரு கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவில் தகர அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணம் கலந்த சிமென்ட் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கினால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, பிறகு காரை பூசிச் சமன் செய்கிறார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அதன் பிறகு காய்ச்சல். கடைசியில் கண்ணாடியைப் பிரித்தால் பளபளப்பு! அடுப்பும் இல்லை, பாலிஷும் இல்லை. அந்தப் பளபளப்பு முழுக்கக் கண்ணாடி கொடுத்தது.

டி.வி. சுவருக்கு என்று சொன்னதும் அங்கிருந்த பெரியவர் சிரித்துவிட்டார். "இது கால் வைக்கிற கல்லு தாயி. கண்ணுக்கு நேரா மொத்தமாப் போட்டீகன்னா பூவைப் பாப்பீகளா, படத்தைப் பாப்பீகளா?"

அந்த ஒரு கேள்வியில் எங்கள் திட்டம் பாதியாகச் சுருங்கியது. டி.வி.க்குப் பின்னால் வெறும் சாம்பல் பெயின்ட், இரு பக்கமும் மட்டும் கல் பட்டை என்று முடிவு செய்து, எட்டு அங்குலக் கல் 52 வாங்கினோம். ஒன்று ஒன்றரை கிலோவுக்குக் குறையாது. கார் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது.

திரும்பும் முன் அந்த ஊர்ப் பெரிய வீட்டைப் பார்க்கப் போனோம். திண்ணை, முகப்பு, வளவு என்று வீடு நீண்டுகொண்டே போகிறது. அத்தை வளவில் நின்றுவிட்டார். "ஒரு லைட்டும் போடல. ஆனா சுவரெல்லாம் வெளிச்சமா இருக்கே!" வானம் பார்த்த முற்றத்தில் வெயில் விழுந்து, தரையில் பட்டு, சுவருக்கு ஏறுகிறது. விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் வெளிச்சம் மட்டும் தெரிய வேண்டும் என்பதை, நாங்கள் வீடியோ வீடியோவாகப் பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை.

வீட்டில் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். பெயின்டைக் கொத்தி எடுத்துவிட்டு, டைல்ஸ் ஒட்டும் பசையில் கீழிருந்து தினம் சில வரிசைகள் மட்டும் ஒட்டினோம். அவசரப்பட்டால் கனத்தில் சரிந்துவிடும். எல்.இ.டி. பட்டையைக் கல்லை ஒட்டியே வைத்தோம். கையால் செய்த கல் அல்லவா? சின்ன மேடு பள்ளம்கூட நிழலாகத் தெரிந்தது. போதாததற்கு, பளபளப்பில் ஒவ்வொரு பல்பும் புள்ளி புள்ளியாக மின்னி, பொருட்காட்சிக் கடை மாதிரி ஆகிவிட்டது! பட்டையை டி.வி. பலகையின் பின்பக்கம் தள்ளி, பால் நிற மூடி போட்ட அலுமினியச் சட்டத்துக்குள் வைத்த பிறகுதான் சரியானது.

அடாப்டரிலும் தப்பு செய்தோம். மீட்டருக்கு 14.4 வாட் என்றால் ஐந்து மீட்டருக்கு 72 வாட். நாங்கள் மாட்டியதோ 12 வோல்ட், 5 ஆம்பியர். 60 வாட்தான் தாங்கும். அரை மணி நேரத்தில் தொட முடியாத சூடு. உடனே அணைத்துவிட்டு 10 ஆம்பியருக்கு மாறினோம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வெளிச்சத்துக்கு 3000 கெல்வின் மஞ்சள். படத்தின் நிறம் மாறாமல் இருக்க 6500 வெள்ளைதான் சரி என்றார் கணவர். வெள்ளை ஒளியில் ஆத்தங்குடிச் சிவப்பு வெளிறிப்போனதைப் பார்த்ததும் அவரே மாற்றிவிட்டார்.

மாமா படம்? வலது பக்கப் பட்டையில் மேலே நான்கு கல் அளவுக்கு இடம் விடச் சொன்னது அத்தைதான். "அந்தப் பெரிய வீட்டுல படத்தையெல்லாம் உசரத்துலதானே மாட்டியிருக்காக?" என்றார். படம் அங்கே கச்சிதமாக உட்கார்ந்தது. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் சட்டத்தின் ஓரத்தில் படுகிறது. மிச்சமான கற்கள் இப்போது துளசி மாடத்தின் அடியில்.

தினமும் ஆறு மணிக்கு விளக்கேற்றியதும் அத்தை அந்த ஸ்விட்சையும் போட்டுவிடுகிறார். டி.வி.யை ஏழரைக்குத்தான் போடுவோம்.