இரண்டரை மணி நேரம்

மதரஸாவில் ஓதி, பின் அரபும் தமிழும் ஓதிக்கொடுத்தே ஐம்பதைக் கடந்துவிட்ட நமக்கு, இவ்வயதில் கல்லூரிப் பாடம் கேட்கும் ஆசையை உண்டாக்கியவள் மகள். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களுள், புவி அறிவியல் குறித்த ஒன்றில் அவள் சேர்ந்திருந்தாள். கேட்பதற்குக் கட்டணமில்லை, தேர்வெழுதிச் சான்றிதழ் பெறத்தான் பணம். "வாப்பா, நீங்களும் உட்காருங்களேன்" என்றாள். கைபேசியின் முன் நாமும் மாணவராய் அமர்ந்தோம்.

ஆறுகள் மண் சுமந்து வந்து சமவெளி அமைக்கும் பாடம் நமக்குப் புதிதன்று. சுமார் 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, மலையருகே பெருங்கற்களும், தொலைவில் சிறுகற்களும், முகத்துவாரத்தருகே மணலும் கிடப்பதைக் கொண்டு, இந்நிலம் ஒரு காலத்தில் கடலாயிருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என்று கருதினார். காவிரி வண்டலில் விளைந்த சோற்றை உண்ணும் நாம், அப்பக்கத்தைப் பன்முறை வாசித்தும், வெட்டாற்றங்கரையில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்ததில்லை. கிதாபு ஓதியவர்களின் குறை இது.

அடுத்து நிலத்தட்டுகளின் பாடம். மகள் குறிப்பெடுத்தாள், நமக்குக் கை ஓடவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. மதரஸாவுக்கு வெள்ளிதான் விடுமுறை. ஆகவே அன்று வகுப்பு இருந்தது. பிள்ளைகள் கெஞ்சவே அரைமணி முன்னதாக விட்டோம். அவர்களுள் ஒருவன் விளையாடச் சில்லடிக்குப் போனான். திரும்பவில்லை.

சுமத்ராவுக்கு அருகே இந்தியத் தட்டு கிழக்குத் தட்டின் கீழ்ச் செருகும் இடத்தில், ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளவு ஓடியது. நடுக்கத்தின் அளவு 9.1. நம் நேரப்படி காலை 6.29. கடலாழம் 4,000 மீட்டரானால் அலை மணிக்குச் சுமார் 700 கி.மீ. வேகத்தில் செல்லும், தாளில் போட்டுப் பார்த்தோம், சரியாகவே வந்தது. தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கிற்று. நம் பக்கம் முதலில் வந்ததோ ஏறிய நீர். அது நாகைக் கரையை அடைந்தபோது மணி ஒன்பதளவு. நாம் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிக் கொடுத்திருந்த நேரமெல்லாம் அது வந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த இரண்டரை மணி நேரத்தில் சொல்வாரில்லை. ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைந்தது 2007இல்.

ஏன் முன்னதாக விட்டீர்கள் என்று அப்பிள்ளையின் தாயார் இன்றுவரை நம்மைக் கேட்டதில்லை. வழியில் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டு ஸலாம் சொல்லிப் போவார்.

"கணக்கு சரியா, வாப்பா?" என்றாள் மகள்.

சரிதான் என்றோம்.