காய்க்கு முன்னால வந்த காசு

அட்வான்ஸ் வாங்கி வெள்ளாமை பண்றது எங்க பக்கத்துக்குப் புதுசு இல்லை. வாழைக்கன்று வைக்கும்போதே கமிஷன் கடையில கை நீட்டுவோம். தார் வெட்டினா அந்தக் கடைக்குத்தான் போடணும், அவங்க சொல்றதுதான் விலை. காத்துல வாழை சாஞ்சுட்டா அட்வான்ஸ் கடனா நிக்கும், அடுத்த வருஷ வாழையையும் சேர்த்துக் கட்டிப்போடும். திருச்செந்தூர் போற வழியில குரும்பூர் பக்கம் எனக்கு ரெண்டரை ஏக்கர். இருபது வருஷத்துக்கு மேல இப்படித்தான் ஓட்டினேன்.

2023 ஆவணியில பாளையங்கோட்டையிலிருந்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் தோட்டத்துக்கு வந்தார். எங்கிட்ட முருங்கைக்காய் வாங்கிட்டுப் போறவர்தான். "அண்ணாச்சி, நாங்க இருபது வீடு சேர்ந்து ஆறு மாசத்துக் காசை முன்னாலயே தந்துருதோம். விளையுறதை வாராவாரம் பங்கு போட்டுத் தாங்க. விளையலேன்னா அதுவும் எங்க பங்குதான்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன்.

ராத்திரி மகன் போன்ல தேடிப் படிச்சுக் காட்டினான். ஜப்பான்ல 1970களிலேயே, பூச்சிமருந்துக்குப் பயந்த வீட்டுப் பெண்கள் விவசாயிகளோடு நேரா பேசி இதை ஆரம்பிச்சிருக்காங்க. 'தெய்கேய்'னு பேரு, கூட்டுன்னு அர்த்தம். அமெரிக்காவுல 1986இல் ரெண்டு பண்ணையில தொடங்கியிருக்கு. நம்ம ஆரோவில் சாலிட்யூட் பண்ணையிலும் இந்த மாதிரி கூடை கொடுக்கிறாங்களாம். தமிழ்ல சமூக ஆதரவு வேளாண்மைன்னு சொல்றாங்க. எங்க வீட்டம்மா வச்ச பேரு 'பங்குக்காய்'. "முன்னாடி காசு குடுத்தவங்க முன்னாடி வந்து நின்னு கேப்பாங்க, யோசிச்சுக்கிடுங்க"ன்னும் சொன்னா.

வாரத்துக்கு 250 ரூபாய், 26 வாரம். ஒரு வீட்டுக்கு 6,500, இருபது வீட்டுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம். கமிஷன் கடைப் பாக்கியை முதல்ல அடைச்சேன். ஒண்ணேகால் ஏக்கர்ல வாழையை விட்டுட்டு வெண்டை, கத்தரி, சீனியவரை, புடலை, தடியங்காய், தண்டங்கீரை போட்டேன். பொங்கலுக்குன்னு சிறுகிழங்கும் நட்டேன். திருநெல்வேலிக்காரங்களுக்கு சிறுகிழங்கு இல்லாம பொங்கல் ஏது?

அக்டோபர் முதல் ஞாயிறு காலை பாசஞ்சர்ல மூட்டையோட ஏறினேன். பாளையங்கோட்டை ஸ்டேஷன்ல பைகளோட நின்னாங்க. நாலு வாரம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் சீனியவரை ஒரேயடியா காய்க்க ஆரம்பிச்சுது. பங்குன்னா வர்றதைத்தானே பங்கு போடணும்? மூணாவது வாரமும் சீனியவரையைப் பார்த்த ஒரு அக்கா, "அண்ணே, எங்க வீட்டுல இனிமே நாந்தான் இதைத் திங்கணும்" என்றாங்க. கடையில வாங்கினா வேண்டியதை மட்டும் எடுக்கலாம், இதுல தோட்டம் குடுக்குறதைத்தான் சமைக்கணும். டவுன்ல இருக்கிறவங்க சேர்றதுக்கு முன்னால அதை யோசிச்சுக்கிடணும். காய் ருசி பத்தி மட்டும் பேசி ஆள் சேர்க்கிறது எனக்குப் பிடிக்கலை.

பதினோரு வாரம் கொடுத்தேன். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மழை விடலை, மூட்டை கட்டவே இல்லை. மறுநாள் காலை கணக்குப்படி காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பக்கம் பெஞ்சிருக்கு. எங்களுக்கு வருஷம் பூரா பெய்யுற மழையை விட அதிகம். திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு, நூத்துக்கணக்கான ஜனங்க மாட்டிக்கிட்டதை நீங்களும் டிவியில பார்த்திருப்பீங்க. தண்ணி வடிஞ்சு தோட்டத்துக்குப் போனா வரப்பே தெரியலை. சிறுகிழங்கு இருந்த இடத்துல முழங்கால் அளவுக்கு மணல். வாழை படுத்துக் கிடந்துது. பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்ல அகத்தி மட்டும் அங்கங்க நின்னுது.

போன் டவர் வந்ததும் வாத்தியாருக்குத்தான் பேசினேன். இன்னும் பதினஞ்சு வாரம் பாக்கி, ஒரு வீட்டுக்கு 3,750 ரூபாய். விளையலேன்னா எங்க பங்குன்னு அவர் சொன்னது ஆவணி மாசத்து வெயில்ல. அவங்க வீடுகள்லயும் சிலதுல தண்ணி புகுந்திருந்துது, அவங்களுக்கும் செலவு. எப்படிக் கேட்க? அவரே, "நான் எல்லார்ட்டயும் கேட்டுச் சொல்லுதேன்" என்றார்.

நாலு வீடு காசைத் திருப்பிக் கேட்டாங்க. பதினஞ்சாயிரம். பேச்சுப்படி கொடுக்க வேண்டியதில்லைன்னு வாத்தியார் சொன்னார். எனக்கு மனசு ஒப்பலை. அதுல ஒருத்தர் வீட்டுல கட்டில், பிரிட்ஜ் எல்லாம் போயிருந்துது. ரெண்டு ஆட்டை வித்துக் கொடுத்தேன். ஆடுகளை மொட்டை மாடியில ஏத்திக் காப்பாத்தினது வீட்டம்மா. அதனால ரெண்டு நாள் என்கூடப் பேசலை.

மீதிப் பதினாறு வீடும் காசு கேட்கலை. பதினாறு பேரும் தர்மத்துக்கு விட்டாங்கன்னு நான் நினைக்கலை, சிலருக்குக் கேட்கக் கூச்சமா இருந்திருக்கும். ஆனா அந்தக் காசு கடனா என் தலையில ஏறலை. மணல் அள்ள டிராக்டருக்கு யார்ட்டயும் போய் நிக்காம வேலையை ஆரம்பிக்க முடிஞ்சுது. ரயில் ஜனவரியிலதான் ஓடிச்சு. அந்த மாசக் கடைசியில தண்டங்கீரையும், கொடிக்கால்காரர் கொடுத்த அகத்தியும் மட்டும் மூட்டையில போச்சு. மாசியில வெண்டை வந்துது. மொத்தம் எட்டு வாரம், அதுவும் பாதிப் பைதான்.

அடுத்த வருஷம் பதினெட்டு வீடு சேர்ந்தாங்க. பேச்சை இப்போ தாள்ல எழுதி வச்சிருக்கோம். வெள்ளம் வந்தா பாக்கியில பாதி அவங்களுக்கு, பாதி தோட்டத்துக்கு. சீனியவரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான். அதைச் சேர்க்கச் சொன்னது அந்த அக்காதான்.