கோடை விடுமுறையும் கொட்டாங்கச்சியும்

பள்ளிக்கூடம் லீவு விடும்போது பிள்ளைகள் கையில் இப்போது ஒரு தாள் கொடுத்தனுப்புகிறார்கள். கோடை விடுமுறையில் வீட்டிலும் தெருவிலும் இயற்கையைக் கெடுக்காமல் வாழ்வது எப்படி என்று அதில் பத்துப் பன்னிரண்டு கட்டளைகள். தண்ணீரை அளந்து செலவழி. வேண்டாத விளக்கை அணை. பழைய துணியை எறியாதே, பை தைத்துக்கொள். மிச்சம் மீதியை மாட்டுக்கும் செடிக்கும் போடு. பிளாஸ்டிக் கப்பைத் தொடாதே, கொட்டாங்கச்சியில் குடி.

எல்லாம் நல்ல சங்கதிதான். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இதை எழுதியவர்களுக்கு ஒரு விவரம் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டளைகளில் ஒன்று பாக்கியில்லாமல் எங்கள் சேரி தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்திருக்கிறது. யாரும் எங்களுக்குத் தாள் கொடுக்கவில்லை. பரிசும் கொடுக்கவில்லை. அன்றைக்கு அதற்குப் பெயர் இல்லாமை. இன்றைக்கு அதே காரியத்துக்கு அழகான பெயர்கள் வந்துவிட்டன.

நான் ஆறாவது ஏழாவது படித்தது எழுபதுகளின் கடைசியில். அப்போது இது தென்னாற்காடு மாவட்டம். 1993இல்தான் பிரித்தார்கள், நாங்கள் கடலூர் மாவட்டமானோம். விருத்தாசலத்துக்கு வெளியே, மணிமுத்தாற்றுப் பக்கம் எங்கள் காலனி. சித்திரை பிறந்தால் ஆற்றில் மணல்தான் ஓடும். எங்கள் தெருக் கிணறு பங்குனியிலேயே வாயைப் பிளந்துவிடும். ஊர்த்தெருவில் நல்ல கிணறு இருந்தது. அதில் நாங்கள் கயிறு போடக் கூடாது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு எட்ட நிற்க வேண்டும். யாராவது மனசு வந்தால் மேலேயிருந்து ஊற்றுவார்கள். மனசு வராத நாளில் ஆற்றில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்ப ஒரு பொழுது போய்விடும்.

அப்படிக் கொண்டுவந்த ஒரு குடத்தை எங்கள் அம்மா செலவழித்த விதத்தை எந்தத் தாளிலும் எழுத முடியாது. அரிசி களைந்த தண்ணி மாட்டுக்கு. சாம்பல் போட்டுச் சட்டி கழுவிய தண்ணி சுரைக்கொடிக்கு. கைப்பிள்ளையைக் குளிப்பாட்டினால் முருங்கை மரத்தடியில் நிறுத்தித்தான். அந்தச் சுரையும் முருங்கையும்தான் கோடை முழுக்க எங்களுக்குக் குழம்பு. அம்மா இயற்கையை நேசித்தாரா என்று எனக்குத் தெரியாது. நேசிக்க நேரமிருந்ததாகத் தோன்றவில்லை.

லீவு என்றால் எனக்கு வேலை. தம்பிக்குத்தான் விளையாட்டு. காலையில் சாணி பொறுக்கி வறட்டி தட்ட வேண்டும். முந்திரிக் காட்டில் சருகு கூட்டிச் சாக்கில் கட்டி வர வேண்டும். வேலிகாத்தான் முள்ளை வெட்டி இழுத்து வர வேண்டும். ஜங்ஷனில் கரி என்ஜின் சாம்பல் கொட்டுகிற இடத்தில் பாதி வெந்த கரித்துண்டு கிடக்கும். அதைப் பொறுக்கப் போட்டியே நடக்கும். மல்லாட்டை பிடுங்கி முடித்த கொல்லையில் களைக்கொட்டால் கொத்தி, மண்ணுக்குள் தப்பிக் கிடந்த காயை எடுப்போம். கொல்லைக்காரர் பார்த்துவிட்டால் மடியை உதறச் சொல்லுவார். முந்திரிப் பருவத்தில் பழம் எங்களுக்கு, கொட்டை அவர்களுக்கு. கொட்டையை உடைக்கப் போன பெண்களின் விரலெல்லாம் ஓட்டுப்பால் பட்டுத் தோலுரிந்து கிடக்கும். வீணாகாமல் எல்லாவற்றையும் பயன்படுத்துவது என்கிறார்களே, அந்த 'எல்லாவற்றையும்' பொறுக்கிய கைகள் பொம்பளைப் பிள்ளைகளின் கைகள். இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். எங்களுக்குப் பக்கத்திலேதான் நெய்வேலி. 1956இல் கம்பெனி தொடங்கி, 1962இல் பழுப்பு நிலக்கரியிலிருந்து கரண்டு எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கரண்டு எங்கள் தலைக்கு மேலே கம்பியில் எங்கெங்கோ போனது. நான் சிம்னி விளக்கில் படித்தேன். 'குடிசைக்கு ஒரு விளக்கு' என்று அரசாங்கம் ஒரு பல்பு கொடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் அணைப்பதற்கு ஒரு விளக்கு வந்தது.

இனி பீங்கானுக்கு வருகிறேன். விருத்தாசலத்தைப் பீங்கான் ஊர் என்பார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளைக் களிமண்தான் மூலம். கூடவே வெள்ளைக்கல் மாவும் மற்ற கல்மாவும் சேர்த்துக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் மண் கெட்டிப்பட்டதும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டு, அச்சைப் பிரித்தால் பொம்மை. விளக்கு, கோப்பை, கரண்டு வேலைக்கான பீங்கான் சாமான் எல்லாம் இங்கே செய்வார்கள். எங்கள் தெருவில் பாதிப்பேர் அந்த வேலைக்குப் போனவர்கள். நானும் இரண்டு கோடை லீவில் ஒரு பட்டறைக்குப் போயிருக்கிறேன். ஈரப் பஞ்சால் பொம்மையின் தையல் கோட்டைத் தேய்த்து எடுப்பது என் வேலை. மாவு அரைக்கிற கொட்டகையில் இருந்தவர்கள் வெள்ளை வெளேரென்று நிற்பார்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போய்ப் படிந்தால் மருந்து கிடையாது என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது.

பட்டறையில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். சூளைக்குப் போகாத மண் எத்தனை முறை உடைந்தாலும் தண்ணீரில் போட்டால் மறுபடி கூழாகிவிடும். ஒரு பொட்டு வீணாகாது. வெந்துவிட்டால் முடிந்தது. அதை மறுபடி மண்ணாக்க முடியாது. விரிசல் விட்ட கோப்பைகளைப் பின்பக்கம் கொட்டிவிடுவார்கள். அதில் தண்ணி ஒழுகாததாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவோம். எங்கள் வீட்டு மாடத்தில் ஏழெட்டுக் கோப்பை இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கீறல்.

எங்கள் ஆயா பீங்கான் கோப்பையில் டீ குடித்தது வீட்டில் மட்டும்தான். டீக்கடையில் அதற்குக் கொட்டாங்கச்சி. கடையின் எறவாணத்தில் நாலைந்து கொட்டாங்கச்சி சொருகியிருக்கும். நம் ஆள் போனால் தானே உருவி, தானே கழுவி, குத்துக்காலிட்டு ஏந்த வேண்டும். கடைக்காரர் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். சூடு தெறிக்கும். குடித்து முடித்ததும் கழுவிப் பழையபடி சொருகிவிட்டு, காசை வாசல் பலகையில் வைத்துவிட்டு வர வேண்டும். இத்தனை கோப்பை செய்கிற ஊருக்குப் பக்கத்தில், அந்தக் கோப்பைக்கு மண் குழைத்தவர்களின் அம்மாவுக்குக் கொட்டாங்கச்சி.

அப்புறம் கொட்டாங்கச்சி போய்த் தனி டம்ளர் வந்தது. தனி டம்ளர் மேல் கேஸ் போட்டதும், சில கடைகளில் பிளாஸ்டிக் கப் வந்தது. நமக்கு மட்டும் கப், அவர்களுக்குக் கண்ணாடி. சில கடைகளில் எல்லாருக்குமே கப். அப்படி எல்லாருக்கும் கப் என்று ஆன கடையில்தான் என் வீட்டுக்காரர் முதல்முறையாக பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். பிளாஸ்டிக் மண்ணைக் கெடுக்கிறது என்பது உண்மை. மாடு தின்று செத்ததையும் ஏரி மதகை அடைத்துக்கொண்டதையும் நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கேடுகெட்ட கப்பு கொஞ்ச நாள் எங்களுக்குச் செய்த காரியத்தை எந்தச் சாஸ்திரமும் செய்யவில்லை. 2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப்பையும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பையும் தடை செய்தார்கள். சரியான சட்டம். எங்கள் காலனிப் பெண்களுக்கு அன்றைக்கு ஒரே கேள்விதான் இருந்தது. இனிமேல் எந்த டம்ளரில் ஊற்றுவான்?

போன வருஷம் லீவில் என் பேத்தி அந்தத் தாளில் சொன்னபடி ஒரு கொட்டாங்கச்சியை எடுத்தாள். இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். எண்ணெய் தடவினாள். பளபளவென்று வந்தது. அதில் டீ ஊற்றி எங்கள் அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினாள். அம்மாவுக்கு எண்பது வயசு இருக்கும். முகம் அப்படியே சுருங்கிப்போனது.

"எட்ட வை அத. எங்க மாமியா காலம்பூரா இதுலதான ஏந்திச்சி. நம்ம வூட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டியா?"

"கொள்ளாயா, இது நல்லதுன்னு டீச்சர் சொன்னாங்க. மண்ணுக்குக் கெடுதல் இல்ல."

"மண்ணுக்கு இல்லடி. மனுசனுக்குக் கெடுதல்."

பிள்ளை கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். பிறகு கேட்டாள், "அப்ப எல்லாரும் இதுல குடிச்சா?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். "எல்லாரும்னா எல்லாரும். ஊர்த்தெருவும்தான். அப்பக் கொண்டா, நானும் குடிக்கிறன்" என்றார்.

சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் இந்தக் கிழவியின் பதிலைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பொருள் ஒன்றுதான். வேறு போக்கிடம் இருக்கிறவன் கையில் கொட்டாங்கச்சி எளிமை. வேறு எதையும் தொடக் கூடாது என்று தடுக்கப்பட்டவள் கையில் அது அவமானம். தண்ணீரும் அப்படித்தான். 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத்தில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய்ச் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பொதுக் குளத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்ல அவ்வளவு பெரிய போராட்டம் வேண்டியிருந்தது. 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எங்கள் மக்களின் நீர்நிலையைக் கெடுப்பதைக் குற்றம் என்று எழுதிவைத்தது. அதற்குப் பிறகுதான் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் சேரி மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்தது. சொட்டுத் தண்ணீரையும் காப்பாற்று என்று அந்தத் தெருப் பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அப்படியானால் ஒன்றும் செய்யாமல் இருப்பதா? இல்லை. மண்ணும் தண்ணியும் கெட்டால் முதலில் சாகிறவர்கள் நாம்தான். செய்யத்தான் வேண்டும். எப்படிச் செய்வது என்பதில்தான் பேச்சு.

எங்கள் ஏரியைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் மடை திறக்க, மழை ராத்திரியில் கரையைக் காவல் காக்க, கோரை பிடுங்க எல்லாம் நம் ஆள்தான். கூலி களத்து மேட்டில் கொடுக்கிற ரெண்டு படி நெல். ஆனால் மீன் குத்தகையும் கரை மரத்து ஏலமும் ஊருக்கு. பாசனம் பாய்கிற நிலமும் அவர்களுக்கு. பொதுக் காரியம் என்றால் உழைப்பு நம்முடையது, பொது மட்டும் அவர்களுடையது. 2006இல் நூறு நாள் வேலைத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்த மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அப்போதுதான் இரண்டு தெருவும் ஒரே ஏரியில், ஒரே கூலிக்கு இறங்கியது. முதல் நாளே தண்ணிக் குடம் இரண்டாக வந்தது. எங்கள் பெண்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "ஒரு கொடம், ஒரு தம்ளரு. இல்லன்னா அளவெடுக்க வர்றவங்கிட்ட சொல்லுவம்." மத்தியானம் வரைக்கும் வெயிலில் அப்படியே இருந்தார்கள். சாயங்காலம் ஒரு குடம்தான் இருந்தது. ஊர்த்தெருவில் சிலர் கொஞ்ச நாள் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்தார்கள். கொண்டுவரட்டும். அது அவர்கள் சுமை.

இப்போது எங்கள் காலனியில் கோடை லீவு வந்தால் சில வேலைகள் செய்கிறோம். கைப்பம்பில் வழிகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கும் முருங்கைக்கும் விடுகிறோம். அதைப் பார்த்துக்கொள்வது ஆம்பளைப் பிள்ளைகள் பொறுப்பு என்று வைத்திருக்கிறோம். போன வகுப்புப் புத்தகங்களை வாங்கி அடுத்த வகுப்புக்குக் கொடுக்கிறோம். பொறுக்கப் போவது கிடையாது. பட்டறைக்குப் பிள்ளையை அனுப்புவது கிடையாது. 2016இல் சட்டத்தைத் திருத்திப் பதினாலு வயசுக்குக் கீழே எந்தக் கூலி வேலையும் கூடாது என்று ஆக்கியிருக்கிறார்கள். சட்டம் வருமுன்னே நாங்கள் நிறுத்திவிட்டோம்.

நாலு வருஷத்துக்கு முன் மகளிர் குழுவில் காசு போட்டு இருநூறு எவர்சில்வர் டம்ளரும் இருநூறு தட்டும் வாங்கினோம். கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் எடுத்துக்கொள்ளலாம். வாடகை இல்லை. காலனியில் அதற்குப் பிறகு ஒரு விசேஷத்திலும் பிளாஸ்டிக் சேரவில்லை. ஊர்த்தெருவுக்கும் சொல்லி அனுப்பினோம். இதுவரைக்கும் அங்கிருந்து ஒருவரும் கேட்டு வரவில்லை. அவர்கள் வீட்டு விசேஷம் முடிந்த மறுநாள் ஏரிக்கரையில் கப்பும் தட்டும் குவிந்து கிடக்கிறது. தடை செய்த சாமானைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள், எங்கள் டம்ளரில் வாய் வைக்க முடியாது.

டம்ளர்கள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. சாவி என்னிடம்தான். எந்தத் தெருவிலிருந்து யார் வந்து கேட்டாலும் எண்ணிக் கொடுப்போம். குடித்தவர்களே கழுவிக் கொண்டுவந்து தர வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.