திருத்தணிகையில் ஒரு மெதுவான யோசனை

திருத்தணிகை முருகன் ஸந்நிதிக்குப் படிகள் 365. ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பார்கள். ஆந்திரத்திலிருந்து 1960-இல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த இந்த எல்லையூருக்கு நாம் சென்றபோது, உடன் வந்த வயோதிக அம்மாள் இருபதாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மெல்லப் போகிற வண்டி ஏதேனும் உண்டா, அப்பா?" என்றார்.

கோல்ப் மைதானத்தில் ஓடும் பாட்டரி வண்டி நம் நினைவுக்கு வந்தது. சுற்றுச் சுவருக்குள் மட்டுமே ஓடுவதற்கென அமைந்த வண்டியை 1988-ஆம் வருஷத்துச் சட்டம் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. பொதுச் சாலையில் ஓடுவதென்றாலோ பதிவு, லைசென்ஸ், இன்ஷியூரன்ஸ் மூன்றும் வேண்டும். மூன்று சக்கர மின்ரிக்ஷாவுக்கு 2014-இல் தனி விதிகள் வந்தன: மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம்; நான்கு பிரயாணிகள்; 40 கிலோ மூட்டை.

ஆமை வேக வண்டிக்கு இத்தனை கட்டுப்பாடா என்று நேயர்கள் கேட்கலாம். வளைந்து ஏறும் மலைச் சாலையில் பின்னால் பஸ் விரைந்து வரும்போது, மெதுவாகப் போவதே ஆபத்து. இறக்கத்தில் பிரேக் தளர்ந்தாலோ, ஆமையும் குதிரையாகிவிடும்!

கடைசியில் வாடகை மோட்டாரில் மேலே சென்று தரிசித்தோம். இறங்கும்போது அம்மாள், "வேகம் எதற்கப்பா? பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தால் போதும்" என்றார். சட்டத்தின் சாரமும் அதுதானே!